கிணை முழங்கிய மண்ணில் மின்னொலி இசை

சென்ற கல்வியாண்டில் ஒரு நாள் பிற்பகல், இசைத்தமிழ் வரலாறு நடத்திக்கொண்டிருந்த நாம், பாடத்தின் இடையே ஓர் இசைப்பதிவை மாணவர்களுக்குக் கேட்கத் தந்தோம். சுருதி பிடிபடவில்லை, தாளம் கைக்கு அகப்படவில்லை. ஒரு குரல் எழுந்து, நீண்டு, எதிரொலியாகச் சிதறிப் பல குரல்களாய்த் திரும்பியது. குழலோசை போன்ற ஒன்று இடையில் தோன்றி மறைந்தது. வகுப்பில் முதலில் புன்னகை அரும்பியது. பின்னர்ச் சிரிப்புப் பரவியது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, இது பாட்டா, பெட்டியின் பழுதா?" என்று வினவினார்.

வினா வேடிக்கையாகவே எழுந்தது. ஆயினும் விடை வேடிக்கையாகச் சொல்லத்தக்கதன்று. அன்று வகுப்பில் ஒலித்தது, ஹலீம் எல் தாப் என்னும் எகிப்திய இசையறிஞர் 1959-ஆம் ஆண்டில் ஆக்கிய 'லைலாவும் கவிஞனும்' என்னும் மின்னொலி நாடகமாகும். நம் வீட்டுப் பெரியோர் வாயிலாக நாம் கேட்டு வளர்ந்த லைலா மஜ்னூன் கதையே அதன் கரு. அப்படைப்பு, 1961-ஆம் ஆண்டு மே 9, 10 ஆகிய நாட்களில் நியூயார்க் நகரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மக்மில்லின் அரங்கில் நிகழ்ந்த மின்னொலி இசையரங்கில் இடம்பெற்றது. துருக்கி நாட்டு இசையறிஞர் பூலென்ட் அரெல் ஆக்கிய படைப்பும் அதே அரங்கில் ஒலித்தது. கீழை நாட்டுச் செவிகள் இருவருக்கு இத்துறையின் தொடக்க மேடையிலேயே இடம் இருந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மின்னொலி இசையைப் பற்றி நாம் இக்கட்டுரையில் சொல்ல விழைவது ஒன்றே. கருவி, இசைஞனின் இடத்தைப் பறிக்கும்போது அஃது இழப்பு; மண்ணின் ஒலியைக் கூர்ந்து கேட்கக் கற்பிக்கும்போது அது கல்வி. பின்னதைச் செய்யத்தக்க இடம் கல்லூரியும் பல்கலைக்கழகமுமே ஆகும். காவிரிப் படுகையில் அப்பணி இனியும் காலம் தாழ்த்தத்தக்கதன்று.

ஆளில்லா அரங்கு

மின்னொலி இசையரங்கு என்பது யாது? மேடையில் பாடகர் இல்லை, பக்கவாத்தியம் இல்லை. அரங்கின் நாற்புறமும் ஒலிபெருக்கிகள் நிறுத்தப்பட்டிருக்கும். விளக்குகள் தணிக்கப்பட, முன்னரே ஆக்கிப் பதிந்த ஒலி ஒவ்வொரு திசையிலிருந்தும் எழும். சில அரங்குகளில் இசைஞர் ஒருவர் அமர்ந்து பதிவொலியுடன் சேர்ந்து வாசிப்பதும் உண்டு. கண்ணுக்கு வேலை குறைவு. செவிக்கே முழு வேலை.

இவ்விசையின் மூலப்பொருள் ஒலிப்பதிவு. காந்த நாடாக் காலத்தில், ஒலிப்பதிவுக் கூடங்களில் நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடியது. அஃதாவது ஒரு நொடி ஒலி என்பது கையிற் பிடித்து அளக்கத்தக்க 15 அங்குல நாடா. அதனை வெட்டலாம்; ஒட்டலாம்; பின்னோக்கி ஓட்டலாம். ஓட்டத்தை இருமடங்காக்கினால் ஒலி ஒரு தாயி உயரும். பாதியாக்கினால் ஒரு தாயி தாழும். ஒரு மணியோசையின் தொடக்கத்து அடியை மட்டும் வெட்டி நீக்கிவிட்டால், எஞ்சிய ஒலி மணியோசை என்றே தோன்றாது. ஒலியின் உடற்கூற்றை மாணவர் இதனினும் எளிதாகக் கற்க வழியில்லை. அன்று கத்தரியும் பசைநாடாவும் கொண்டு நாட்கணக்கில் செய்த வேலையை இன்று ஓர் எளிய கணினியில் நிமிடங்களிற் செய்யலாம்.

இத்துறையின் வரலாற்றைக் கூறுவோர் பலரும் பாரிசு நகரிலிருந்து தொடங்குவர். அங்கு 1948-இல் வானொலிப் பொறியாளர் பியர் ஷேபர், புகைவண்டிகளின் ஓசையைத் தொகுத்து ஓர் இசைப்படைப்பாக ஒலிபரப்பினார். ஆயின் அதற்கு நான்காண்டுகள் முன்னரே, 1944-இல், கெய்ரோவில் எல் தாப் இதனைச் செய்துவிட்டார். நோய் நீங்கப் பெண்கள் கூடிப் பாடும் 'ஸார்' என்னும் சடங்கின் பாடல்களை அவர் கம்பிப் பதிவுக் கருவியில் பதிந்தார். பின்பு வானொலி நிலையத்தின் எதிரொலி அறையில் அவற்றை மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து, சொற்கள் தேய்ந்து குரலின் அதிர்வு மட்டும் எஞ்சும் புதிய இசையொன்றை ஆக்கினார்.

அவர் கற்றது இசையன்று, வேளாண் பொறியியல். பயிர்த்தொழில் தொடர்பாகச் சிற்றூர்களுக்குச் சென்ற அவர், அங்கு மக்கள் பாடுவதைக் கேட்டே இசைக்குள் ஆழ்ந்தார். நைல் ஆற்றின் நாட்டில் நிகழ்ந்த இது, காவிரிப் படுகையில் வாழும் நமக்கு அயலாகத் தோன்றவில்லை. வயலும் வாய்க்காலும் அறிந்த செவி ஒன்று புதுக்கருவியைக் கையில் எடுத்தது. புத்திசை ஒன்று பிறந்தது.

நம் நாட்டு முன்னோடிகள்

இஃதெல்லாம் வெளிநாட்டார் விளையாட்டு என்று எண்ணுவார்க்கு அகமதாபாத்தின் வரலாற்றை எடுத்துரைக்க வேண்டும். அந்நகரைச் சேர்ந்த கீதா சாராபாய், பக்காவஜ் முழவில் தேர்ந்த அம்மையார். அவர் 1946-இல் நியூயார்க் சென்று, ஜான் கேஜ் என்னும் இசையறிஞருக்கு இந்திய இசையைக் கற்பித்தார். அவரிடமிருந்து மேலையிசை நுட்பம் கற்றார். மனத்தை அடக்கி அமைதிப்படுத்துவதே இசையின் பயன் என்னும் கருத்து, அந்த அம்மையார் வழியே கேஜுக்குச் சென்று, அவர்தம் வாழ்நாள் முழுதும் உடனிருந்தது. மேலைநாட்டுப் புத்திசை இயக்கத்தின் வேர்களுள் ஒன்று இவ்வாறு நம் நாட்டு மண்ணிலும் ஊன்றியுள்ளது.

1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மின்னொலி இசைக்கூடம் ஒன்று அமைந்தது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் வந்து மூக் என்னும் மின்னிசைக் கருவியை நிறுவித் தந்தார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, இளைஞரான ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் பரிசோதனைகள் செய்தனர். மூன்று நான்கு ஆண்டுகளில் அம்முயற்சி ஓய்ந்தது. நாடாக்கள் காப்பகத்தின் அடுக்கில் உறங்கின.

அவ்வுறக்கம் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீண்டது. பிரிட்டனைச் சேர்ந்த பால் பர்காஸ் என்னும் கலைஞர் அவற்றைக் கண்டெடுத்தார், 2020-இல் பி.பி.சி. வானொலி வழியே அவற்றின் வரலாற்றை உலகறியச் செய்தார். 2023-இல் அவை இசைத்தட்டாக வெளிவந்தன. அந்நாடாக்கள் பூஞ்சை பிடித்துப் போயிருந்தால், இந்தியாவில் இத்தகைய முயற்சியே நிகழவில்லை என்றன்றோ நாமும் எழுதியிருப்போம்? கொலம்பியா அரங்கில் ஒலித்த படைப்புகள் சில ஆண்டுகளிலேயே இசைத்தட்டாகி உலகெங்கும் கற்பிக்கப்பட்டன. நம்மவர் படைப்புகள் அரை நூற்றாண்டு காத்திருந்தன. வேறுபாடு திறமையில் இல்லை, பேணுதலில் உள்ளது.

மருதத்தின் பறை

இனி நம் மண்ணுக்கு வருவோம். தொல்காப்பியர் ஒரு நிலத்தின் கருப்பொருள்களைத் தொகுத்துரைக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணினார். மருத நிலத்துக்குரிய பறை, மணமுழவும் நெல்லரிகிணையும் என உரை மரபு வகுத்துரைக்கும். நெல் அறுப்போருக்கு ஊக்கமூட்ட வயலிடை முழக்கப்பெற்ற பறை நெல்லரிகிணை. ஒரு நிலத்தை அறிய அதன் நீரும் நெல்லும் மட்டும் போதா, அதன் ஒலியும் வேண்டும் என்னும் தெளிவு நம் இலக்கணத்திலேயே உள்ளது. மேலைநாட்டில் கனடிய அறிஞர் மரே ஷேபர், சூழலின் ஒலிகளைத் தொகுத்து ஆராயும் பணியைச் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான்.

அந்த நெல்லரிகிணை எவ்வாறு ஒலித்தது? எவராலும் இன்று கேட்பிக்க இயலாது. பெயர் ஏட்டில் நின்றது. ஒலி காற்றில் கரைந்தது. இது பண்டைக் கதை மட்டுமன்று. ஏற்றம் இறைத்தோர் பாடிய பாட்டு, நீரேற்றி இயந்திரம் வந்தபின் ஓய்ந்தது. நாற்று நடும் பெண்டிரின் குலவை, நடவு இயந்திரம் இறங்கும் வயல்களில் கேட்பதில்லை. களத்தில் மாடு கட்டிப் போரடித்த ஓசையை நம் மாணவருள் கேட்டவர் இலர். அவர்கள் அறிந்தது அறுவடை இயந்திரத்தின் இரைச்சலே. உழைப்பின் சுமை குறைந்ததற்கு நாம் மகிழ்கிறோம். முதுகு ஒடிய ஏற்றம் இறைக்க எவரையும் நாம் திரும்ப அழைக்கவில்லை. ஆனால் சுமையை இறக்கிவைக்கும்போது பாட்டையும் உடன் எறிந்துவிட வேண்டுவதில்லை.

நம் தெருக்களிலும் அதே நிலை. நோன்பு மாதத்தில் சஹர் நேரத்துக்கு முன், தாயிராவைத் தட்டிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாய் வந்து எழுப்பிய பக்கீர்களை முதியோர் அறிவர். கைப்பேசியின் எழுப்பொலி வந்தபின் அவ்வருகை பல ஊர்களில் அருகிவிட்டது. திருமண வீடுகளில் பெண்கள் கூடியிருந்து பாடிய பாடல்களும் அவ்வாறே தேய்கின்றன.

வகுப்பில் வினாத் தொடுத்த அதே மாணவர், கடந்த நோன்பில் தம் தெருவுக்கு வந்த முதியவர் ஒருவரின் தாயிரா ஒலியை அவர் இசைவுடன் கைப்பேசியிற் பதிந்து வந்தார். மூன்று நிமிடப் பதிவு. அதில் தாயிராவின் சலங்கை, கதவு திறக்கும் ஓசை, நாய் குரைப்பு, ஒரு வீட்டில் பாத்திரம் உரசும் ஒலி எல்லாம் இருந்தன. அதன் விரைவைப் பாதியாக்கி, தாயிராவின் ஓசை மட்டும் நீண்டு நிற்குமாறு அமைத்து வகுப்பில் ஒலிக்கச் செய்தார். முன்பு சிரித்த வகுப்பில் இம்முறை சிரிப்பு எழவில்லை. மாணவர் பின்பு அந்த முதியவரிடமே சென்று பதிவைக் கேட்பித்திருக்கிறார். "தம்பி, இது என் தெருவா? இவ்வளவு சத்தம் இதிலே இருந்ததா?" என்று வியந்தாராம் அவர். நாற்பதாண்டுகள் நடந்த தெருவை அவர் அன்றுதான் கேட்டார். மின்னொலி இசையின் பயன் யாது என்று எம்மை வினவுவோர்க்கு இந்நிகழ்ச்சியையே விடையாகத் தருகிறோம்.

மூன்று தடைகள்

இம்முயற்சிக்கு எதிராக எழும் தடைகள் மூன்று. மூன்றும் மதிக்கத்தக்கவை, ஆதலின் தனித்தனியே விடையிறுப்போம்.

முதலாவது, இது மரபன்று என்பது. தஞ்சையின் இசைமரபு புதுக்கருவிக்குக் கதவடைத்த மரபன்று. வயலின் மேலைநாட்டிலிருந்து வந்த கருவி. தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அதனைத் தமதாக்கிக்கொண்டார். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. மாண்டலினின் குறுகிய ஒலி கமகத்துக்குப் போதாதென்ற நிலையில், மின்வழி ஒலி பெருக்கும் மாண்டலினைக் கைக்கொண்டு கருநாடக இசையின் நுட்பங்களை வாசித்துக் காட்டினார் உ. ஸ்ரீநிவாஸ். ஆபிரகாம் பண்டிதர் தஞ்சையில் 1912 முதல் தம் செலவிலேயே இசை மாநாடுகள் கூட்டி, சுருதிகளைக் கணக்கிட்டு ஆராய்ந்து, 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். இசையை ஆய்வுக்கூடத்துப் பொருளாக்கிய அவர்தம் ஊரில், ஒலியைப் பரிசோதிப்பது மரபின் மீறல் ஆகாது, தொடர்ச்சியே ஆகும்.

இரண்டாவது தடையே மிக்க வலிமையுடையது: இயந்திரம் இசைஞனின் பிழைப்பைக் கெடுக்கும் என்பது. இது மெய். மின்சுருதிப் பெட்டி வந்தபின் தம்பூரா பல மேடைகளிலிருந்து இறங்கியது. பொத்தானை அழுத்தினால் முரசும் மணியும் தாமே முழங்கும் பொறி, வழிபாட்டிடங்கள் பலவற்றில் மேளக்காரரின் இடத்தைப் பெற்றுள்ளது. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இலும் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. பலா மரத்தைக் குடைவோரும் ஆச்சா மரத்தைக் கடைவோரும் அடுத்த தலைமுறையில் எத்தனைபேர் இருப்பர் என்னும் கவலை அதனால் தீரவில்லை. ஆயின் அப்பொறிகள் செய்வது போலச்செய்தல். இருப்பதைப் படியெடுத்து, இருப்பவரை நீக்குதல். நாம் வேண்டும் அரங்கோ நாகசுரக்காரரும் வீணை வினைஞரும் பக்கீரும் இன்றி நிகழவே இயலாது. அவர்தம் ஒலியே அதன் முதல். எனவே அவர்தம் பெயரும் ஊதியமும் அதில் முதலிடம் பெறல் வேண்டும்.

மூன்றாவது, சமுதாயப் பெரியோர் சிலர் எழுப்பும் தயக்கம்: இசையில் இத்தகைய ஈடுபாடு தகுமா என்பது. இவ்வினாவை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா' பெருநூலில் செவியேற்றலுக்கெனத் தனியொரு பகுதி வகுத்து, கேட்கத்தகுவதையும் தகாததையும் காரணங்காட்டிப் பிரித்தார்கள். கேட்கும் பொருள், கேட்போர் உள்ளம், கேட்கும் சூழல் ஆகியவற்றை நிறுத்துப் பார்க்கும் அவ்வாய்வு முறையே நமக்கு வழிகாட்டி. ஒன்பதாம் நூற்றாண்டுப் பாக்தாதில் பனூ மூசா உடன்பிறந்தார், தானே ஒலிக்கும் குழற்கருவி ஒன்றை வகுத்தெழுதினர். பத்தாம் நூற்றாண்டில் அல் பாராபி இசைக்கெனப் பெருநூல் இயற்றினார். ஒலியை அறிவின் பொருளாகக் கொண்டு ஆராய்வதில் முன்னோர் பின்தங்கவில்லை. ஒலிபெருக்கி இல்லையேல் நாகூர் ஹனிபா (1925-2015) அவர்களின் வெண்கலக் குரல் படுகையின் கடைக்கோடிச் சிற்றூர் வரை எட்டியிராது என்பதையும் நினைவிற்கொள்க. கருவி நடுநிலையானது, அதன்வழி எதனைக் கேட்கிறோம் என்பதே வினா.

செய்யத்தக்கன

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இசைக்கூடத்துக்கு 1959-இல் ராக்பெல்லர் அறக்கட்டளை 1,75,000 டாலர் வழங்கியது. அத்தகைய பெருஞ்செல்வம் இன்று தேவையில்லை. மாணவர் கையிலுள்ள கைப்பேசியும், விலையின்றிக் கிடைக்கும் ஒலித்தொகுப்பு மென்பொருளும், கல்லூரி அரங்கில் நான்கு ஒலிபெருக்கிகளுமே தொடக்கத்துக்குப் போதும். தேவைப்படுவன ஒழுங்கும் உறுதியும்.

ஆண்டுக்கொரு மாலை, தமிழ்த்துறையும் இயற்பியல் துறையும் இணைந்து 'படுகையின் ஒலி' என ஓர் அரங்கை நடத்தலாம். கல்லணை மதகில் நீர் பாயும் ஒலி, குறுவை வயலின் தவளைக் கூட்டம், நெல் ஆலையின் சீரான துடிப்பு, நாகூரின் நகரா, வீணைப் பட்டறையின் உளியோசை, முதிய பெண்டிரின் தாலாட்டு ஆகியவற்றை மாணவர் பதிந்து, அவற்றினின்று படைப்புகள் ஆக்கட்டும். முன்வரிசை, அவ்வொலிகளுக்கு உரியோர்க்கு ஒதுக்கப்பெறுக.

அதற்கு நான்கு நெறிகளை முன்வைக்கிறோம். ஒன்று, ஒருவர் குரலையோ வாசிப்பையோ அவர் இசைவின்றிப் பதிதல் கூடாது. அவர் வேண்டாமென்றால் அழித்துவிடல் வேண்டும். இரண்டு, பாடியோர்க்கும் வாசித்தோர்க்கும் மதிப்பூதியம் தருதல் வேண்டும். பொன்னாடை மட்டும் போதாது. மூன்று, மாற்றப்படாத மூலப்பதிவை, இடம், நாள், பெயர் ஆகிய குறிப்புகளுடன் நூலகத்தில் ஒரு படியும் வேறிடத்தில் ஒரு படியுமாகக் காத்தல் வேண்டும். அகமதாபாத்து நாடாக்கள் நமக்குப் புகட்டும் பாடம் இதுவே. நான்கு, புதுமை என்னும் ஒரே காரணத்துக்காக எதனையும் போற்றலாகாது. கேட்டபின், நன்று என்றோ நன்றன்று என்றோ காரணத்துடன் சொல்லும் உரிமை மாணவர்க்கும் பெரியோர்க்கும் உண்டு.

இவ்வரங்கில் ஒலிப்பவை யாவும் இனிமையாக இருக்கும் என்று நாம் உறுதி கூறவில்லை. சில சலிப்பூட்டும், சில சிரிப்பூட்டும். கொலம்பியா அரங்கிலும் அகமதாபாத்திலும் ஒலித்தவை எல்லாம் நிலைக்கத்தக்கவை அல்ல. ஆயினும் வள்ளுவப் பெருந்தகை கேள்விக்கெனவே ஓர் அதிகாரம் வகுத்த மொழி நம் மொழி. கேட்டலும் கற்கத்தக்க கலையே என்பதை நம் மாணவர்க்கு நாம் உணர்த்தவில்லையெனின் வேறெவர் உணர்த்துவர்?

தாயிரா தட்டி வந்த அந்த முதியவரின் ஒலி இப்போது நம் துறையின் கணினியில் உள்ளது. அதற்கு இரண்டாவது படி இன்னும் எடுக்கப்படவில்லை. நெல்லரிகிணையின் பெயரை மட்டும் முன்னோர் நமக்கு விட்டுச்சென்றனர். ஒலியைப் பதிந்துவைக்க அவர்களிடம் கருவி இல்லை. நம்மிடம் உள்ளது. நமக்குப்பின் வருவோர், பெயர்களை மட்டும் நம்மிடமிருந்து பெறும் நிலை வாராதிருக்க, இவ்வாண்டிலேயே ஆவன செய்வோமாக.